போபால் மண்ணுக்கு விடிவு எப்போது?

போபால் யூனியன் கார்பைட் தொழிற்சாலையில் 40 ஆண்டுகளாகக் கிடந்த நச்சுக் கழிவு ஒருவழியாக அகற்றப்பட்டுவிட்டது. 2025 ஜனவரி 1-ம் தேதி இரவு 337 டன் கழிவை ஏற்றிக்கொண்டு 12 லாரிகள் போலீஸ் காவலுடன் புறப்பட்டன. சுமார் 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பீதம்பூர் தொழிற்பேட்டைக்கு அவை போய்ச் சேர்ந்ததும், அங்குள்ள மக்கள் கிளர்ச்சியில் இறங்கினர். பிறகு ஹைகோர்ட் மேற்பார்வையில் சோதனைகள் நடந்து, ஜூன் மாத இறுதியில் கழிவு முழுவதும் எரிக்கப்பட்டது.

இத்துடன் விவகாரம் தீர்ந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். தீரவில்லை. போனது, வாரிக் கட்டி வைத்திருந்த கழிவு மட்டுமே. கெட்டுப்போன மண் அங்கேயே இருக்கிறது.

அது எவ்வளவு? நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையமும் ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிலையமும் 2010-ல் போட்ட கணக்குப்படி சுமார் 11 லட்சம் டன். அதாவது எரிக்கப்பட்ட கழிவில் ஒவ்வொரு டன்னுக்கும் மூவாயிரம் டன்னுக்கு மேல் மண் மிச்சமிருக்கிறது.

இந்த மண் 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு கசிந்த விஷவாயுவால் கெட்டதல்ல. அது வேறு கொடுமை. பூச்சிமருந்து தயாரித்த அந்த ஆலை 1969-ல் தொடங்கியது முதலே கழிவை வளாகத்துக்குள் பள்ளங்களில் கொட்டி வந்தது. 1977 முதல் மதிலுக்கு வெளியே குட்டைகள் வெட்டிக் கழிவுநீரைத் தேக்கியது. பாதரசமும் பூச்சிமருந்து ரசாயனங்களும் மண்ணில் ஊறி, நிலத்தடி நீருக்கு இறங்கின. வாயு கசிந்த இரவுக்குப் பிறகு குடிவந்தவர்களும் அந்த அடிகுழாய்த் தண்ணீரையே குடித்தார்கள். 2004-ல் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, இந்தப் பேட்டைகளுக்கு நல்ல தண்ணீர் வழங்கும்படி மாநில அரசுக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று.

கெட்ட மண் என்றால் ஆபத்து எவ்வளவு என்று எப்படி முடிவு செய்வது? நிபுணர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். மண்ணில் என்ன விஷம், எத்தனை ஆழத்தில், எவ்வளவு இருக்கிறது? அது மனிதனை அடைய என்ன வழி - கிணற்று நீரா, காற்றில் பறக்கும் தூசியா, அங்கே விளையும் கீரையா? வழியின் முடிவில் இருப்பவர் யார் - எட்டு மணி நேரம் வேலை செய்யும் தொழிலாளியா, நாள் முழுவதும் மண்ணில் விளையாடும் குழந்தையா? மூன்றில் ஒன்றை அறுத்துவிட்டாலும் ஆபத்து குறையும். மண்ணைத் தோண்டி எடுக்கலாம், கழுவலாம், சூடேற்றி விஷத்தைப் பிரிக்கலாம். களிமண்ணும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்டு மூடி மழைநீர் இறங்காமல் தடுக்கலாம். மூடுவது செலவு குறைந்த வழி. ஆனால் விஷம் உள்ளேயே இருக்கும், காலாகாலத்துக்கும் காவல் வேண்டும்.

எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்பதில்தான் சண்டை வருகிறது. நம் கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்ட பிறகும் இதே சண்டைதான் வந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என்று அதிகாரிகள் ஏற்றார்கள்.  சோலைக்காட்டு விளிம்பில், நீரோடைக்கு மேலே உள்ள நிலத்துக்குப் போதாது என்று எதிர்த்தவர்கள் வாதாடினார்கள். ஆக, அந்த எண்ணை விஞ்ஞானம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நிலம் எதற்கு, செலவு யாருடையது என்பனவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களுக்கென்று தனி விதிகளைப் பிறப்பித்தது வரவேற்கத்தக்கது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆண்டுக்கு இருமுறை தெரிவிக்க வேண்டும். 90 நாட்களில் பூர்வாங்க ஆய்வு, அடுத்த மூன்று மாதங்களில் விரிவான ஆய்வு. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். அப்போது தெரியவந்திருந்த இடங்கள் 103. பணி தொடங்கியிருந்தவை ஏழே ஏழு. ஆனால் ஆய்வுக்குக் கெடு வைத்த விதிகள், சுத்தப்படுத்தி முடிப்பதற்குக் கெடு வைக்கவில்லை. பெரிய ஓட்டை இதுதான். போபாலில் ஆய்வறிக்கைகளுக்கு என்றுமே பஞ்சமிருந்ததில்லை.

வெளிமாநிலங்களில் வேலை பார்க்கும் நம்மவர் பலர் தொழிற்பேட்டை ஓரங்களில்தான் குடியிருக்கிறார்கள். வாடகை குறைவு, மனை விலை மலிவு. அந்த இடத்தில் முன்பு என்ன ஆலை இருந்தது, கழிவை எங்கே கொட்டினார்கள், கிணற்று நீரைப் பரிசோதித்தார்களா என்று முன்பணம் கொடுக்குமுன் விசாரிப்பது நல்லது. இந்த விதிகளின்படி, மாசு உறுதியான இடங்களின் விவரத்தை வெளியிட வேண்டும். கேட்டுப் பெறுவது நம் உரிமை.

337 டன்னை அப்புறப்படுத்த 40 ஆண்டுகள் ஆயின. 11 லட்சம் டன்னுக்கு எத்தனை ஆண்டுகள் என்பதை போபாலுக்கு இப்போதே தேதி போட்டுச் சொல்ல வேண்டும்.