வானொலிப் பெட்டிக்கும் ஒரு சாதகம் உண்டு

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் தெல்தெனியாவைக் கடந்து மேலேறினால் ஹுன்னஸ்கிரிய வரும். நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டிய சிற்றூர். மீமுரைக்குப் போகும் பாதை பிரிவதும் அங்கேதான். மின்சாரம் எட்டாத காலத்தில் இத்தகைய மலையோரங்களில் வானொலி எவ்வாறு பேசிற்று என்று இளைஞர் சிலர் என்னைக் கேட்பதுண்டு. பற்றரியால் பேசிற்று என்பதே பதில். 1.5 வோல்ற் பற்றரி ஒன்று வால்வுகளின் இழைகளைச் சூடாக்கும். 90 வோல்ற் பற்றரி ஒன்று ஏனைய வேலையைப் பார்க்கும். 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிய பின்னர், தோட்டத்துப் பெட்டி ஒன்றைச் சுற்றி அயலவர் கூடியிருந்து கேட்டது மலையகத்தார் பலருக்கு நினைவிருக்கும்.

அப்படியான பெட்டி ஒன்று அண்மையில் ஹுன்னஸ்கிரியப் பகுதிக் குடும்பம் ஒன்றிடமிருந்து என் பார்வைக்கு வந்தது. பின்பலகை இல்லை, மாதிரி இலக்கமும் அதனோடு போய்விட்டது. உள்ளே நான்கு வால்வுகள்: டிகே 96, டிஎஃப் 96, டிஏஎஃப் 96, டிஎல் 96. பற்றரிக் கம்பிகள் வெறுமனே தொங்கின. எந்தக் கம்பி 1.5 வோல்ற்றுக்கு, எது 90 வோல்ற்றுக்கு என்று அறியாமல் மாற்றி இணைத்தால் நான்கு வால்வுகளும் கணப்பொழுதில் கருகிவிடும். தேவைப்பட்டது புதிய உதிரிப்பாகம் அன்று, ஒரு தாள். அதாவது மின்சுற்று வரைபடம்.

இந்த வரைபடத்தை நான் வானொலியின் சாதகம் என்பேன். மெழுகுத்தாள் கண்டென்சர்கள் காலப்போக்கில் மின்னைக் கசியவிடும். ரெசிஸ்ரர்களின் பெறுமானம் ஏறிவிடும். மேலே எழுதியிருந்த எண்கள் அழிந்திருக்கும். இடைநிலை அதிர்வெண்ணோ நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: பிலிப்ஸ் பெட்டிகள் பலவற்றில் 452, பிரித்தானியப் பெட்டிகளில் பெரும்பாலும் 465 அல்லது 470, அமெரிக்கப் பெட்டிகளில் 455 கிலோஹேர்ட்ஸ். இவை தெரியாமல் சுருள்களைத் திருகுவது, முகவரி தெரியாமல் வீடு தேடுவதற்கு ஒப்பாகும்.

அக்காலத்தில் இந்தத் தாள்கள் ஒழுங்காக வெளிவந்தன. அமெரிக்காவில் ஜோன் ரைடர் 1931 முதல் பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். பிரித்தானியாவில் வியாபாரிகளுக்கான சஞ்சிகையோடு ‘ட்ரேடர்’ தாள்கள் வந்தன. இன்று இவற்றுட் பெரும்பகுதியை இணையத்திலேயே காணலாம். ஆயினும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. ஐரோப்பியருக்கு நீள் அலை தேவைப்பட்டது, நமக்கோ சிற்றலை. ஆகவே வெப்பவலய நாடுகளுக்கென்று அனுப்பப்பட்ட மாதிரிகள் பலவற்றின் அலைவரிசைப் பகுதி வேறு. பெயர் ஒன்றாயிருப்பினும், ஐரோப்பியத் தாள் இங்குள்ள பெட்டிக்கு முற்றாகப் பொருந்துவதில்லை.

பொருந்திய தாள்கள் எங்கே இருந்தன? கண்டியிலும் மாத்தளையிலும் யாழ்ப்பாணத்திலும் திருத்துநர்களின் மேசை இழுப்பறைகளில். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த 1970-77 காலத்தில் புதுப்பெட்டி வாங்குவது எளிதன்று. உள்ளதைத் திருத்தியே பாவித்தனர். எந்த வால்வுக்குப் பதிலாக எதை வைக்கலாம் என்று திருத்துநர் பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகள் எந்த நிறுவனத்தின் நூலிலும் இல்லாதவை. 1983 யூலையில் கண்டியிலும் தமிழர் கடைகள் எரிந்தன. கடை எரிந்தால் அதிலிருந்த காகிதமும் எரியும். தப்பியவை இன்று வாரிசுகளால் பழைய தாள் வியாபாரிக்கு நிறுத்துக் கொடுக்கப்படுகின்றன.

கைத்தொலைபேசியில் உலகமே கேட்கும்போது இந்தப் பழம்பெட்டி எதற்கு என்று வினவுவோர் உளர். நியாயமான வினாதான். பெட்டிகள் யாவும் பாட வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்றைய நிறுவனம் தன் பொருளைத் திருத்தும் வழியையும் சேர்த்தே விற்றது. சில பெட்டிகளின் உட்புறத்திலேயே வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும். இன்றைய கருவிகளில் பலவற்றைத் திறப்பதே குற்றம் போலாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்தும் உரிமைக்கென்றே ஒரு பணிப்புரையை நிறைவேற்ற வேண்டியதாயிற்று. நம் தாத்தாமார் கேளாமலே பெற்றிருந்த ஒன்றை இன்று சட்டம் போட்டு மீட்க வேண்டியிருக்கிறது.

உயிர் சம்பந்தப்பட்ட காரணமும் உண்டு. ‘யூ’ எழுத்தில் தொடங்கும் வால்வுகள் கொண்ட பெட்டிகளில் உலோகச் சட்டம் பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தோடு நேரே தொடுக்கப்பட்டிருக்கும். வரைபடம் பாராமல் கை வைப்பவர் 230 வோல்ற்றைத் தொடக்கூடும்.

என் வேண்டுகோள் மூன்று. வீட்டில் பழைய சேவைத் தாள்களோ திருத்துநரின் கொப்பிகளோ இருப்பின், எறியாமல் இரு பக்கமும் படம்பிடியுங்கள். பென்சில் குறிப்புகளையும் விடாதீர்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் போன்ற முயற்சிகள் நமக்கு உள்ளன. கவிதை நூலுக்குரிய இடம் இந்தக் கொப்பிக்கும் உண்டு. தாள் கிடைக்காத பெட்டியைத் திருத்துவோர், கம்பி கம்பியாகப் பின்தொடர்ந்து தாமே வரைந்து வையுங்கள். பழம்பெட்டியின் குடலை உருவிவிட்டு உள்ளே புளூடூத் ஒலிபெருக்கி வைத்து விற்போர், உருவுமுன் வால்வுகளின் பெயர்களையாவது எழுதி, சில படங்களை எடுத்துவிடுங்கள்.

ஹுன்னஸ்கிரியப் பெட்டிக்கு உரிய தாள் கிடைக்கவில்லை. அதே நான்கு வால்வுகளைக் கொண்ட வேறொரு பெட்டியின் படத்தை அருகே வைத்து, வேறுபடும் இடங்களைக் குறித்து, நண்பர் ஒருவர் புதிதாக வரைந்திருக்கிறார். பெட்டி இன்னும் பேசவில்லை. ஆயினும் எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது இப்போது தெரியும். இனி அதை எவரும் திருத்தலாம்.