நடுங்கும் கைகளும் கஞ்சாவும்

1990ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், கஞ்சாவின் சத்தை ஏற்கும் இடங்கள் மூளையில் எங்கெங்கே உள்ளன என்று ஆராய்ந்தனர். குரங்கின் மூளையிலும் மனித மூளையிலும், உடலசைவை ஆளும் பகுதிகளில் அவை மிகச் செறிந்திருக்கக் கண்டனர். ஆதலின் நடுக்குவாத நோயாளருக்குக் கஞ்சா உதவுமோ என்ற நம்பிக்கை எழுந்தது.

ஆனால் 2004இல், இங்கிலாந்தில் 19 நோயாளரிடம் நடந்த சோதனையின் முடிவு வெளியாயிற்று. லெவோடோபா மருந்தை நெடுநாள் உண்பதால் எழும் கட்டுக்கடங்கா அசைவுகளைக் கஞ்சாச் சாறு தணிக்கவில்லை. நோயின் நடுக்கத்தையும் குறைக்கவில்லை. பூட்டைக் கண்டோம், சாவி கிட்டவில்லை.

எனவே பிறர் சொல் கேட்டு, நடுங்கும் பெற்றோருக்கு நாம் கஞ்சா கொடுத்தல் தகாது. மருத்துவர் தந்த மருந்தை வேளை தவறாது கொடுப்போம். இந்நோயை உலகறியச் சுமந்து 2005இல் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரை நினைந்து, அவர்கள் உண்ணும்வரை பொறுமையாய் அருகிருப்போம்.