கோவை வெறும் ஊட்டி பஸ் ஏறும் இடமா?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் மேட்டுப்பாளையம் சாலையில் கார்கள் ஊர்ந்துதான் போகும். வெளியூரிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கோவையில் இரண்டே வேலை: டிபன் சாப்பிடுவது, ஊட்டிக்கு வண்டி பிடிப்பது. ‘நம்மூர்ல பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?’ என்று உள்ளூர்க்காரர்களே கேட்கிறார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மருதமலை, அதை விட்டால் ஒரு மால்.

இங்கிலாந்தில் யார்க் என்றொரு பழைய நகரம் இருக்கிறது. அதன் இடைக்கால மதில்மேல் ஏறி மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கலாம். அந்த மதிலும் தப்பிப் பிழைத்ததுதான். 1800 வாக்கில் நகர நிர்வாகமே அதை இடிக்கக் கிளம்பியது, எதிர்ப்பு எழுந்ததால் பெரும்பகுதி மிஞ்சியது. அந்த ஊரில் தன்னார்வ வழிகாட்டிகள் 1951 முதல் பயணிகளைக் காசு வாங்காமல் தெருத்தெருவாக அழைத்துப்போய்க் கதை சொல்கிறார்கள்.

கோவைக்கும் ஒரு கோட்டை இருந்தது. 1791இல் ஆங்கிலேய லெப்டினன்ட் சால்மர்ஸின் சிறு படை அதற்குள் இருந்தபடி திப்புவின் படையைப் பல மாதம் தாக்குப்பிடித்து, கடைசியில் பணிந்தது. இன்று கோட்டையைக் காணோம். கோட்டைமேடு என்ற பெயர் இருக்கிறது, கோட்டை ஈஸ்வரன் கோயில் இருக்கிறது. அங்கிருந்து சிறிது தூரத்துக்குள்ளேயே 1892இல் கட்டிய விக்டோரியா ஹால், கோனியம்மன் கோயில், பெரிய கடைவீதியின் மிக்கேல் பேராலயம், ஒப்பணக்கார வீதியின் அத்தார் ஜமாத் பள்ளிவாசல். கடைகள் திறக்கும் முன் கிளம்பினால் ஒரு காலையில் நடந்தே பார்த்துவிடலாம். ஆனால், எதன் முன்னால் நின்று என்ன கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை.

வ.உ.சி. செக்கிழுத்த சிறையின் மதிலை ஒட்டித்தான் தினமும் காந்திபுரம் பஸ்கள் போகின்றன. பேரூர்க் கோயிலின் கனகசபையில் அழகாத்ரி நாயக்கர் காலத்துத் தூண்கள் நிற்கின்றன. அகோர வீரபத்திரரையும் ஊர்த்துவ தாண்டவரையும் தாங்கிய அந்தக் கல்லுக்கு முன்னால் செல்ஃபி எடுக்கிறவர்கள்தான் அதிகம். அதில் தவறொன்றும் இல்லை. எடுத்த பிறகு எதை எடுத்தோம் என்று சொல்லத்தான் ஒருவர் வேண்டும்.

உண்மையான புதையல் கிழக்கே, ஈரோடு மாவட்டத்தில். அறச்சலூர் நாகமலையில் ஒரு குகை. அதன் பாறையில், தமிழ் பிராமி வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்து எழுத்தில், தாளச் சொற்களைக் கட்டம் கட்டமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என எப்படிப் படித்தாலும் ஒரே வரிசை! ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய இந்த இசைப் புதிரைக் கொங்கு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் நேரில் பார்த்திருப்பார்கள்? பக்கத்திலேயே தீரன் சின்னமலையின் ஓடாநிலை. சென்னிமலை தாண்டி நொய்யல் கரைக்குப் போனால் கொடுமணல். பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்கிறார்கள் ஆய்வாளர்கள். பெயர் கீறிய பானையோடுகள், இரும்பு உருக்கிய உலைகள், மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் எல்லாம் அகழாய்வில் கிடைத்தன. ரோமாபுரிச் சீமாட்டிகள் விரும்பிய பச்சைக்கல் காங்கேயம் பக்கம் படியூரில் விளைந்தது. இத்தனையும் ஒரே நாளில், ஒரே காரில் பார்க்கக்கூடிய தொலைவு.

இவற்றை வருகிறவர்களுக்குக் காட்டப் பல கோடியில் திட்டம் போடத் தேவையில்லை. வாசலில் தமிழில் தெளிவான பலகை, திறக்கும் நேரம், வழிகாட்டும் அம்பு, இவை போதும். கதை சொல்ல ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் ஊரில் நிறையவே இருக்கிறார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு விக்டோரியா ஹால் வாசலில் கூடச் சொல்லி மாநகராட்சி அறிவிக்கட்டும். கோட்டைமேடு வரை நடை, பிறகு டவுன் பஸ்ஸில் பேரூர், மதியத்துக்கு அரிசிம்பருப்பு சாதம். ஊட்டி ரயிலை அடுத்த நாள் பிடித்துக்கொள்ளலாம்.