போன கச்சேரியும் போகாத கச்சேரியும்

கார்த்திகைத் தீபம் கழிந்த மறுநாள் நம் வீட்டுக்குத் தவறாமல் விஜயம் செய்யும் நண்பர் ஒருவர் உண்டு. ஒரு கையில் சபாக்களின் நிகழ்ச்சி நிரல். மறு கையில் சிவப்புப் பென்ஸில். "ஓய்! காப்பி அப்புறம் ஆகட்டும், முதலில் கணக்குப் பார்த்துவிடுவோம்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் அமர்வார். கணக்கு வேறொன்றுமில்லை. பகல் 12 மணிக்கு ஒரு கச்சேரி, 2 மணிக்கு ஒன்று, 4 மணிக்கு ஒன்று, மாலை ஆறரைக்கு ஒன்று. ஆக, நாள் ஒன்றுக்கு 4. இருபது நாளைக்கு 80. பென்ஸில் தேயும் வரையில் குறித்துக்கொண்டு, பிறகுதான் காப்பியைத் தொடுவார்.

இந்த வருஷம் நண்பர் பென்ஸிலைச் சீவிக்கொண்டிருந்த சமயம் நமக்கு ஒரு விபரீதமான எண்ணம் தோன்றிற்று. "சென்ற மார்கழியிலும் இதே 80 தானே குறித்தோம்? அவற்றில் எத்தனை கேட்டோம்?" என்று வினவிவிட்டோம். நண்பர் திடுக்கிட்டுப் போனார். ஆயினும் நேர்மையுள்ள மனிதர். இருவரும் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் எண்ணிப் பார்த்ததில் கிடைத்த விவரம் வருமாறு: வர்ணம் முதல் மங்களம் வரையில் கேட்டவை, 3. தனி ஆவர்த்தனத்தில் எழுந்து வந்தவை, 11. நடுவில் நுழைந்து நடுவிலேயே வெளியேறியவை, 6. போகாதவை, 60.

விருந்துக்கு இலை போட்டு, அப்பளத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு எழுந்து போகிறவனைச் சாப்பாட்டு ரஸிகன் என்று யாராவது சொல்வார்களா? சங்கீத உலகத்தில் மட்டும் அப்பேர்ப்பட்ட ஆசாமிகள் தங்களை ரஸிகர்கள் என்று சொல்லிக்கொண்டு முன் வரிசையில் உட்காருகிறோம்!

நம் முன்னோர்களுக்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை. நல்ல பாட்டுக் கேட்க வேண்டுமானால் கோவில் உற்சவத்துக்கோ, செல்வர் வீட்டுக் கல்யாணத்துக்கோ காத்திருக்க வேண்டும். காத்திருந்து கிடைத்ததை அவர்கள் லேசில் விடமாட்டார்கள். பிறகு 1927 டிஸம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, அதையொட்டி அகில இந்திய சங்கீத மகாநாடு ஒன்றும் நடந்தது. அதன் பயனாக 1928-ல் சங்கீத வித்வத் சபை, அதாவது எல்லாரும் மியூஸிக் அகாடமி என்று வழங்கும் சபை, தோன்றியது. தேச விடுதலையைப் பற்றி யோசிக்கக் கூடியவர்கள் தேசத்தின் கலையையும் மறக்கவில்லை. அன்று தொடங்கிய டிஸம்பர் வழக்கம் வளர்ந்து பெருகிற்று. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டது. பேட்டைக்குப் பேட்டை சபாக்கள் முளைத்தன. 2017-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் சென்னையை இசைக்குரிய படைப்பு நகரங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. இத்தனை பெருமை வாய்ந்த நகரத்தில் வாழ்ந்துகொண்டுதான் நாம் 60 கச்சேரிக்குப் போகவில்லை!

போகாததற்குக் காரணம் இல்லாமலா போகும்? மழை ஒரு காரணம். மழை இல்லாவிட்டால் பனி. வண்டியை நிறுத்த இடமில்லை என்பது வேறொன்று. எல்லாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்றுண்டு: "எப்படியும் பதிவு வந்துவிடும், வீட்டிலேயே சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம்."

இந்தக் காரணம் ஏதோ நேற்றுப் பிறந்தது என்று நினைக்க வேண்டாம். கிராமபோன் வந்த நாளிலிருந்து இருந்து வருவதுதான். அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம் ஓடும். ராகத்தின் தலையை மட்டும் காட்டிவிட்டுப் பல்லவியைப் பிடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஊசி தட்டின் நடுவுக்குப் போய்விடும். 1938-ல் சென்னையில் வானொலி நிலையம் ஏற்பட்டது. சங்கீதம் வாசல் திண்ணைக்கே வந்துவிட்டது. இப்போதோ செல்போன் என்னும் கருவியில் நூறு வருஷத்துச் சங்கீதமும் அடங்கிக் கிடக்கிறது. மேற்படி கருவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டாகிவிட்டது என்ற திருப்தியுடன் நாம் தூங்கிப்போகிறோம்.

பதிவுகளை நாம் நிந்திக்கவில்லை, நன்றி கெட்டவர்களாவோம். ஸ்ரீ எம். டி. ராமநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். டைகர் வரதாச்சாரியாரின் சிஷ்யர். கலாக்ஷேத்திரத்தில் ஆசிரியராக இருந்தவர். ஆழ்ந்த மந்தரக் குரலில், அவசரம் என்பதே இன்னதென்று அறியாத சௌக காலத்தில் பாடுவார். அவர் காலத்தில் அவர் பெருங்கூட்டத்தைச் சேர்க்கும் வித்வானாக இருந்ததில்லை. 1984-ல் காலமானார். இப்போது அவருடைய பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்டு உருகுகிறவர்கள் எத்தனையோ பேர். பதிவு இல்லாவிட்டால் அவரைப் பின் தலைமுறை அறிந்தே இராது. ஆனால் அவர் மேடையில் அமர்ந்து பாடிய மாலைகளில் காலியாக இருந்த நாற்காலிகளை எந்தப் பதிவு நிரப்பப் போகிறது? இன்று கண்ணீர் விடும் நம்மில் ஒருவர் அன்று எதிரே அமர்ந்து ஒரு "ஆஹா!" சொல்லியிருந்தால், அது அவர் காதில் விழுந்திருக்குமல்லவா?

இது பிறர் கதை. நம் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறோம்.

2013-ம் வருஷத்து மார்கழியில் ஒரு மாலை, மாண்டலின் ஸ்ரீநிவாஸின் கச்சேரி நம்முடைய பட்டியலில் சிவப்புப் பென்ஸிலால் குறிக்கப்பட்டிருந்தது. சிறு பையனாக 1981-ல் சென்னையில் வாசித்த நாளிலிருந்து உலகம் வியந்த வித்வான் அவர். மேனாட்டு மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள். அதிலே கமகம் பேசுமா என்று சந்தேகித்தவர்கள் உண்டு. அவர் மின்சார மாண்டலினில் ஐந்து ஒற்றைத் தந்திகளைக் கட்டிக்கொண்டு, நம் ராகங்களை அதன் வழியாகவே பேச வைத்துவிட்டார். அன்றைக்கு மாலை லேசாகத் தூறிற்று. நமக்கும் லேசாகச் சோம்பலாயிருந்தது. "அவருக்கென்ன, நாற்பத்து நாலு வயதுதானே! இன்னும் முப்பது வருஷம் வாசிப்பார். அடுத்த மார்கழிக்குக் கேட்டால் போகிறது" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டோம்.

2014 செப்டம்பர் 19-ம் தேதி அவர் காலமான செய்தி வந்தது. வயது 45.

அடுத்த மார்கழி வழக்கம்போல் வந்தது. நண்பரும் பென்ஸிலுடன் வந்தார். நிகழ்ச்சி நிரலில் அந்தப் பெயர் இல்லை. போர்வை மட்டும் அதே போர்வைதான். அவருடைய பதிவுகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன; அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அந்தத் தூறல் நாளில் அவர் என்ன ராகம் வாசித்தார் என்று போய்வந்தவர்கள் யாரையும் கேட்க நமக்கு இன்று வரையில் தைரியம் வரவில்லை.

வித்வான் வாசிக்கிறார், நாம் கேட்கிறோம். நாம் இல்லாவிட்டால் நமக்குத்தான் நஷ்டம் என்றே வெகு காலம் நினைத்திருந்தோம். கச்சேரிக்கும் நஷ்டம் உண்டு என்பதை 2020-ம் வருஷம் கற்றுக்கொடுத்தது. கொரோனா நோயின் காரணமாக அவ்வருஷம் சபாக்கள் பலவும் கச்சேரிகளை இணையத்தின் வழியாக நடத்தின. நாம் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பார்த்தோம். மேடை அலங்காரத்துக்குக் குறைவில்லை. சுருதி சுத்தத்துக்கும் குறைவில்லை. வித்வான் ஒருவர் ஆலாபனையை அழகாக முடித்து நிமிர்ந்து பார்த்தார். எதிரே காமிரா. அது சிரக்கம்பம் செய்யவில்லை. அவர் ஒரு கணம் தயங்கிவிட்டுப் பிடில் வித்வானைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கணம் நம் மனத்தை என்னவோ செய்தது. நாமோ, அதே சமயத்தில் அடுப்பிலிருந்த பாலை இறக்க எழுந்து போய்க்கொண்டிருந்தோம்!

வீணை தனம்மாள் 1938-ல் மறைந்தவர். அவர் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஜார்ஜ் டவுன் வீட்டில் வாசிப்பதைக் கேட்க வித்வான்களே வந்து உட்காருவார்களாம். வீணையின் நாதமோ மிக மெல்லியது. ஒருவர் இருமினாலும் ஒரு கமகம் போய்விடும். ஆகையால் வந்தவர்கள் மூச்சையும் அடக்கிக்கொண்டு கேட்பார்களாம். அந்த மௌனத்தின் மேல்தான் அந்த வீணை பேசிற்று. கேட்பவர்களும் அந்தக் கச்சேரியில் ஒரு வாத்தியம் என்று சொன்னால் தவறில்லை.

சென்ற மார்கழியில் நாம் முழுமையாகக் கேட்ட மூன்று கச்சேரிகளில் ஒன்றைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். அதற்கு நாம் போனது ரஸிகத்தன்மையினால் அல்ல, மழையினால். பகல் 12 மணி. தெருவில் நடந்துகொண்டிருந்தபோது சோவென்று பிடித்துக்கொண்டது. எதிரே ஒரு சபா, அனுமதி இலவசம். உள்ளே நுழைந்தோம். முந்நூறு நாற்காலிகள், அவற்றில் ஆறு பேர். அந்த ஆறில் இருவர் பாடகியின் பெற்றோர் என்பது அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. ஒருவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

மேடையில் இளம் பெண் ஒருவர் பூர்விகல்யாணியைத் தொடங்கினார். முதலில் சற்றுப் பயந்த பாட்டு. ஒப்பித்துவிட்டு இறங்கிவிடுவோம் என்பது போன்ற பாட்டு. நாம் வழக்க தோஷத்தினால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தலையை அசைத்தோம். ஒரு பிடி நன்றாக விழுந்தது; நம்மையறியாமல் "பேஷ்!" என்றோம். பாடகி நம் பக்கம் பார்த்தார். அதே பிடியைத் திரும்பவும் எடுத்து, இம்முறை பயமில்லாமல் மேல் ஷட்ஜத்தில் போய் நின்றார். தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார்! கீர்த்தனையில் நிரவல் வந்தது. நாம் தொடையில் தாளம் போட்டோம். பாடகி எடுத்ததை எல்லாம் பிடில்காரப் பெண் விடாமல் வாங்கித் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு தனி ஆவர்த்தனம். நம்முடைய கால்கள் பழக்கத்தினால் தாமாகவே எழுந்தன. வெளியே மழை விட்டிருந்தது. காண்டீனிலிருந்து நெய் ரவா தோசையின் மணம் வேறு வந்துகொண்டிருந்தது. மேடையைப் பார்த்தோம். மிருதங்கக்காரப் பையனுக்கு இருபது வயதுகூட இராது. ஒன்றரை மணி நேரம் பிறருடைய பாட்டைத் தாங்கிவிட்டு, தன்னுடைய பத்து நிமிஷத்துக்காக வாத்தியத்தைச் சரி பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கச்சேரியின் அமைப்பை இப்போதுள்ள முறையில் ஒழுங்குபடுத்தியவர் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் என்பார்கள். வர்ணம், கீர்த்தனைகள், விஸ்தாரமான ராகம், தனி ஆவர்த்தனம், துக்கடாக்கள், மங்களம் என்று வரும் அந்த வரிசையில் தனி ஆவர்த்தனத்துக்கு உரிய இடம் இருக்கிறது. காண்டீனுக்குப் போவதற்காக அது ஏற்பட்டதல்ல. பாலக்காடு மணி அய்யரும் பழனி சுப்பிரமணிய பிள்ளையும் வாசித்த காலத்தில் அதற்காகவே கச்சேரிக்கு வந்தவர்கள் உண்டு. ஆயிரம் பேரில் நூறு பேர் எழுந்து போனால் மிருதங்க வித்வான் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். ஏழு பேரில் ஒருவர் எழுந்து போனால்?

உட்கார்ந்துவிட்டோம். பையன் வாசித்தான். முதலில் நிதானமாக, பிறகு நம்பிக்கையுடன். மோரா வைத்துக் கோர்வையை மூன்று முறை தீர்த்து, கீர்த்தனையின் எடுப்பில் கொண்டுவந்து சேர்த்தபோது ஏழு பேரும் கை தட்டினோம். அது கரகோஷம் என்ற பெயருக்குத் தகுந்ததுதானா என்று தெரியாது. பையன் துண்டினால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பைப் பார்த்தால், முந்நூறு நாற்காலிகளும் நிரம்பியிருந்தன என்றே எவரும் நினைத்திருப்பார்கள். சௌராஷ்டிரத்தில் மங்களம் பாடி முடிந்ததும் பாடகியின் தகப்பனார் நம்மிடம் வந்து, "தாங்கள் எந்தப் பத்திரிகை?" என்று பணிவுடன் கேட்டார். "மழைக்கு ஒதுங்கினவர்" என்று உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "பாட்டுக் கேட்க வந்தோம்" என்றோம். அதுவும் அதற்குள் உண்மையாகிவிட்டிருந்தது.

இதையெல்லாம் நம் நண்பரிடம் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு பென்ஸிலைக் கீழே வைத்துவிட்டு ரப்பரை எடுத்தார். எண்பது கச்சேரிகள் இருபதாகக் குறைந்தன. நாளுக்கு ஒன்று, போனால் மங்களம் வரையில். இருபதில் பத்து, பகல் 12 மணிக்குப் பாடும் இளைஞர்களுக்கு. மீதிப் பத்தில், வயது முதிர்ந்த வித்வான்களுக்கு முதல் இடம். "ஆனால் வயதைப் பார்த்து மட்டும் தள்ளிப்போட வேண்டாம், ஓய்" என்றார் நண்பர். ஸ்ரீநிவாஸின் பெயரை அவர் சொல்லவில்லை; நாமும் சொல்லவில்லை.

காப்பி ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு இருவரும் புறப்பட்டோம். மணி பதினொன்றரை, வெளியே தூறிக்கொண்டிருந்தது.