கொப்பரைக்கும் ஒரு நம்பர் உண்டு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுக் கோவையிலிருந்து அகமதாபாத்துக்கு விமானம் ஏறும்போது அம்மா கட்டிக்கொடுத்த மூன்று கிலோ கொப்பரையை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். காங்கேயத்துக் கொப்பரை. வெயிலில் காயவைத்து, துணியில் துடைத்து, அம்மா தன் கையால் கட்டியது. "முறுக்கு விடறீங்க, ஊறுகாய் விடறீங்க, கொப்பரை என்ன பாவம் பண்ணுச்சு?" என்று தங்கமணி கவுண்டரில் சண்டைக்கே நின்றுவிட்டார். அந்தப் பெண் பொறுமையாக ஒரு பட்டியலைக் காட்டினார். "டேஞ்சரஸ் குட்ஸ் மேடம்."

வீட்டுக்கு வந்து சேரும்வரை அது எனக்கும் கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. அப்புறம் தேடிப் படித்தேன். (பி.காம் படித்தவன் நான். வேதியியலுக்கும் எனக்கும் உள்ள உறவு பத்தாம் வகுப்போடு அறுந்தது. தப்பிருந்தால் விவரம் தெரிந்தவர்கள் திருத்தலாம்.) ஐ.நா. பட்டியலில் கொப்பரைக்கு ஒரு எண் இருக்கிறது, மக்களே! யூஎன் 1363. வகுப்பு 4.2, அதாவது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. எண்ணெய்ச்சத்தும் கொஞ்சம் ஈரமும் சேர்ந்து மூட்டைக்குள் அடைந்து கிடந்தால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். கொப்பரைக் களம் வைத்திருக்கிற எங்கள் மாமாவிடம் போனில் சொன்னேன். "இதுக்கு ஐ.நா. வேணுமா? ஈரக் கொப்பரையைக் குவிச்சு வெச்சா கை வெக்க முடியாதுன்னு எங்க அய்யனே சொல்லுவாரு" என்றார். கோபம் போய் எனக்கு ஆர்வம் வந்தது அப்போதுதான்.

குஜராத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த ஊர் லாரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வாபி, அங்க்லேஷ்வர், தஹேஜ் என்று வரிசையாக ரசாயன ஆலைகள். வடோதராவிலிருந்து பரூச் பக்கம் காரில் போனால் பத்து வண்டிக்கு ஒன்று டேங்கராகத்தான் இருக்கும். அதன் பின்பக்கம் ஒரு பலகை, சாய்சதுரத்தில் ஒரு படம், சில எண்கள். பதினோரு வருடமாக அதன் பின்னால் வண்டி ஓட்டியிருக்கிறேன், ஒருநாளும் படித்ததில்லை.

விஷயம் இதுதான். 1956லிருந்து ஐ.நா. நிபுணர் குழு ஒன்று ஆபத்தான சரக்குகளை வகைப்படுத்தி ஒரு புத்தகம் போட்டு வருகிறது. ஆரஞ்சு அட்டை, அதனால் பெயரே ஆரஞ்சுப் புத்தகம். மொத்தம் ஒன்பது வகுப்பு. 1 வெடிபொருள், 2 வாயு, 3 தீப்பற்றும் திரவம், 4 தீப்பற்றும் திடப்பொருள் (நம் கொப்பரை இங்கேதான்), 5 ஆக்சிஜன் கொடுத்துத் தீயை வளர்ப்பவை, 6 நஞ்சு, 7 கதிரியக்கம், 8 அரிப்பவை, 9 இதிலெல்லாம் அடங்காதவை. பெட்ரோலுக்கு 1203, சமையல் வாயுவுக்கு 1075, அம்மோனியாவுக்கு 1005. பெட்ரோல் வண்டிப் பலகையில் 3ஒய்ஈ என்று ஒரு குறியும் இருக்கும். 3 என்றால் நுரை கொண்டு அணைக்கவும், கடைசி எழுத்து ஈ என்றால் அக்கம்பக்கத்து மக்களை அப்புறப்படுத்துவது பற்றி யோசிக்கவும் என்று தீயணைப்பு வீரருக்குச் சொல்கிறது. இரண்டு நொடியில் படித்துவிடலாம்.

நம் நாட்டில் இதைக் கட்டாயமாக்குவது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள். விதி 129 முதல் 137 வரை. வண்டியின் இரண்டு பக்கமும் பின்னாலும் பலகை வேண்டும். அதில் ரசாயனத்தின் சரியான பெயர், வகுப்பு எண், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். ஓட்டுநருக்கு மூன்று நாள் பயிற்சி, இந்திய மொழி ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியம். எல்லாமே எழுதி வைத்திருக்கிறார்கள்.

கர்ஜன் பக்கம் ஒரு தாபாவில் டிஎன் 28 பலகையோடு ஒரு கேஸ் டேங்கர் நின்றது. நாமக்கல் வண்டியைப் பார்த்தால் நம்மால் சும்மா போக முடியுமா? "ஏனுங்க, ஊரு எதுங்க?" என்று ஆரம்பித்து டீ குடிக்கும் வரை பேசினோம். பலகையைப் பற்றிக் கேட்டதும் அந்த அண்ணன் சொன்னது இன்றுவரை காதில் நிற்கிறது. "சார், கேஸ் வண்டில ஏமாத்த ஒண்ணும் இல்லீங்க. என்ன சரக்குன்னு ஊருக்கே தெரியும். டிரம் ஏத்தற பார்சல் லாரிக்காரன் பாடுதானுங்க கஷ்டம். ரசீதுல என்ன எழுதியிருக்கோ அதுதான் அவனுக்குச் சரக்கு."

கேஸ் வண்டி ஆபத்தில்லை என்று அவர் சொல்லவில்லை. 2012 ஆகஸ்டில் கண்ணூர் அருகே சாலாவில் ஒரு டேங்கர் தடுப்பில் மோதி இருபது பேர் இறந்தார்கள். அந்த வழியாக ஓட்டிய அனுபவம் அவருக்கு உண்டு. அவர் சொன்னது வேறு விஷயம். சரக்கின் பெயரை எழுதுபவன் யார்?

விதிப்படி அனுப்புகிறவன்தான். அவனுக்குத்தான் உள்ளே இருப்பது தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால் வாடகை ஏறும், தனி வண்டி வேண்டும், பயிற்சி பெற்ற ஓட்டுநர் வேண்டும். "சாய இடைப்பொருள்" என்று பொதுவாக எழுதிவிட்டால் அரிசி மூட்டையோடு அதுவும் போய்ச் சேரும்.

இதை நான் வெளியிலிருந்து பேசவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் கிளையில் கடன் வாங்கிய ஒரு சிறு தொழிற்சாலைக்கு ஸ்டாக் பார்க்கப் போனேன். பெயர் வேண்டாம். கிடங்கில் நாற்பது டிரம். பாதியில் ஒட்டுச்சீட்டு கிழிந்திருந்தது. கேட்டேன். "பழைய டிரம் சாப், உள்ளே மால் சரியா இருக்கு" என்றார் மேனேஜர். எண்ணிக்கை சரி, மதிப்பு சரி, இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்தது. கையெழுத்துப் போட்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து, மழைக்காலம், அதே டிரம்களில் நான்கு ஒரு பார்சல் லாரியில் போயின. ஒன்று ஒழுகிப் புகை வந்திருக்கிறது. கிளீனர் பையன் என்ன செய்வான், நாம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தான். வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றினான். உள்ளே இருந்தது தயோனைல் குளோரைடு. யூஎன் 1836, வகுப்பு 8. தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடும் சல்ஃபர் டையாக்சைடும் பொங்கும். பையன் பிழைத்தான். கண் சரியாகப் பல வாரம் ஆயிற்று. ரசீதில் "சாய இடைப்பொருள், 4 டிரம்" என்று மட்டும் இருந்ததாம். அந்த டிரம்களை நான் தொட்டு எண்ணியிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. லெட்டர் ஆஃப் கிரெடிட்டுக்கான சர்வதேச விதித் தொகுப்பு யூசிபி 600, அதன் 5ஆம் பிரிவு: வங்கிகள் ஆவணங்களோடு மட்டுமே வேலை செய்கின்றன, சரக்குகளோடு அல்ல. ட்ரெய்னிங்கில் இதை மனப்பாடம் செய்தவன் நான். வியாபாரத்துக்கு அது தேவையான விதிதான், இல்லாவிட்டால் ஒரு பில்லும் நகராது. ஆனால் அதன் நிழலில் எத்தனை வசதியாக ஒளிந்துகொள்கிறோம்!

மணலி கதை நினைவிருக்கும். 2015இல் தென் கொரியாவிலிருந்து உரத் தரம் என்று காட்டி இறக்கிய அமோனியம் நைட்ரேட்டை, இது வெடிபொருள் தரம் என்று சுங்கத் துறை பிடித்து வைத்தது. 37 கண்டெய்னரில் சுமார் 700 டன். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் வெடித்த பிறகுதான் அது சென்னைக்குப் பக்கத்தில் கிடப்பதே நமக்குத் தெரியவந்தது. இத்தனைக்கும் 45 சதவீதத்துக்கு மேல் அமோனியம் நைட்ரேட் இருந்தால் வெடிபொருள் என்று 2011லேயே அறிவித்து, 2012இல் தனி விதிகளும் போட்டாயிற்று. ஒரே வெள்ளைக் குருணைக்கு உரம் என்றும் பெயர், வெடிமருந்து என்றும் பெயர்.

கடன் கணக்கிலும் இதே கூத்து உண்டு. 90 நாள் தாண்டினால் வாராக்கடன் என்று எழுத வேண்டும். எழுதாமல் இழுத்தவர்களை ரிசர்வ் வங்கி சும்மா விடுவதில்லை. எங்கள் கணக்கைத் தவறாக வகைப்படுத்தினால் எங்கள் கழுத்தைப் பிடிக்கிறார்கள், சரி. டிரம்மைத் தவறாக வகைப்படுத்தினவன்? சட்டம் ஓட்டுகிறவனையும் ஓட்டச் செய்கிறவனையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் நான் பார்த்தவரை சாலையில் நிறுத்தப்படுவது ஓட்டுநர்தான், ஏனென்றால் அவர்தான் சாலையில் இருக்கிறார்.

பலகையைப் பற்றியும் ஒரு குறை. சாலாவிலோ பரூச்சிலோ புகையைப் பார்த்து முதலில் ஓடி வருவது பக்கத்து டீக்கடைக்காரர், தீயணைப்பு வண்டி அல்ல. நான் பார்க்கிற பலகைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. "தண்ணீர் ஊற்றாதே, விலகி நில்" என்பதையாவது அந்தந்த ஊர் மொழியில் பெரிதாக எழுதலாம். பல மாநிலம் போகும் வண்டிக்கு எத்தனை மொழி என்று கேட்பார்கள். படமாகப் போடுங்கள் என்பேன்.

நம் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. டிரான்ஸ்ஃபர் வந்து சாமான் ஏற்றும்போது பாதி காலியான கேஸ் சிலிண்டரை மெத்தைக்குள் சுருட்டி அனுப்பியவர்கள் நமக்குள் இருக்கிறோம் (நானும்தான், 2009இல்). 2023 ஆகஸ்டில் மதுரை யார்டில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் ஒன்பது பேர் இறந்தது யாரோ மறைத்து ஏற்றிய சிலிண்டரால்தான். ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை சிறை உண்டு. பட்டாசுக்கும் அதேதான்.

ஸ்டாக் ஆய்வுப் படிவத்தில் இரண்டு கட்டம் சேர்க்கச் சொல்லி மண்டல அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். ஒன்று யூஎன் எண், இன்னொன்று பாதுகாப்பு விவரத் தாளோடு ஒட்டுச்சீட்டு ஒத்துப்போகிறதா என்பது. ஆய்வுக்குப் போகிறவனுக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். "நாம பேங்க்கா, ஃபேக்டரி இன்ஸ்பெக்டரா?" என்று கேட்டார் மேலதிகாரி. நியாயமான கேள்விதான். மூன்று மாதமாகிறது, பதில் வரவில்லை. அதுவரை என் பேனாவாலேயே அந்த இரண்டு கட்டத்தையும் ஓரத்தில் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.