"மாத்திப் பாத்துடலாம் சார்!" என்கிற மகா வியாதி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் மெக்கானிக் ஷெட்டுக்குப் பஞ்சமே இல்லை. டேஷ்போர்டில் ஃபோர் வீல் டிரைவ் லைட் கண் சிமிட்டும் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். பல இடங்களில் ஒரே பதில்தான் வரும். "சென்சார் போயிருக்கும் சார், மாத்திப் பாத்துடலாம்!"

இந்த "மாத்திப் பாத்துடலாம்" இருக்கிறதே, அது வைத்தியம் இல்லை. வண்டிக்காரர் காசில் ஆடும் சூதாட்டம்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். பழைய ஜீப்பில் இதற்குத் தனியாக ஒரு லிவர் இருக்கும். கையால் இழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். 2016ல் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகி வந்த இசுசு வி-கிராஸ் மாதிரி வண்டிகளில் லிவர் கிடையாது, ஒரு குமிழ் மட்டும்தான். குமிழைத் திருப்பினால் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும், கம்ப்யூட்டர் ஒரு சின்ன மோட்டாரை ஓட்டும், மோட்டார் உள்ளே கியரை மாற்றும். மோட்டார் எந்த இடத்தில் நிற்கிறது, ஷாஃப்ட் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று சென்சார்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஒட்டாவிட்டாலோ, கம்ப்யூட்டர் "எனக்கு வேண்டாம் இந்த வம்பு" என்று ஒதுங்கிக்கொள்ளும். லைட் சிமிட்டும். ஃபோர் லோ விழாது.

"விழாவிட்டால் போகட்டுமே, தார் ரோட்டில் எதற்கு ஃபோர் லோ?" என்று கேட்கலாம். 2011 டிசம்பரில் தானே புயல், 2015ல் பெருவெள்ளம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சலைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் என்று பார்த்த மாவட்டம் இது. சேற்றில் அச்சு வரை இறங்கிய நாளில் அந்த லைட் சிமிட்டினால்தான் அருமை தெரியும்!

ஸ்கேனரில் "பொசிஷன் சென்சார்" என்று கோடு வந்துவிட்டதே, அப்புறம் என்ன என்பார்கள். இங்கேதான் கோளாறு. கோடு என்பது தீர்ப்பு இல்லை, எஃப்.ஐ.ஆர். மட்டுமே. "இந்த ஒயரில் எதிர்பார்த்த சிக்னல் வரவில்லை" என்றுதான் கம்ப்யூட்டர் புகார் கொடுக்கிறது. குற்றவாளி சென்சாரா, ஒயரா, கப்ளரா, எர்த்தா என்று அதற்குத் தெரியாது. எஃப்.ஐ.ஆர். போட்டவுடன் தூக்கில் போடுகிற ஊர் எங்காவது உண்டா? போதாக்குறைக்கு, மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் பல எஞ்சின் கம்ப்யூட்டரை மட்டும்தான் படிக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

விசாரணை எப்படி நடக்க வேண்டும்?

1. முதலில் பேட்டரி வோல்டேஜும் ஃபியூஸும்.

2. கப்ளரைக் கழற்றிக் கண்ணால் பாருங்கள். கடற்கரை ஊர், உப்புக் காற்று. வண்டிக்கு அடியில் தொங்கும் கப்ளருக்குள் தண்ணீர் இறங்கினால் செம்பில் பச்சையாகக் களிம்பு ஏறும். உயிரைப் பிடித்த ஆணவ மலத்துக்குச் செம்பில் ஏறிய களிம்பைத்தான் சைவ சித்தாந்தம் உவமை சொல்கிறது. சிதம்பரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா என்ன!

3. ஹால் வகை சென்சாருக்குப் பெரும்பாலும் மூன்று ஒயர்: சப்ளை, எர்த், சிக்னல். சாவியை ஆன் செய்து சப்ளையை அளங்கள். 5 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது வண்டியைப் பொறுத்தது. சப்ளையே வராத இடத்தில் புது சென்சார் போட்டு என்ன பயன்?

4. மீட்டரின் ஒரு முனை கப்ளரில் உள்ள எர்த் ஒயரில், இன்னொரு முனை பேட்டரி நெகட்டிவில். இப்போது குமிழைத் திருப்பி மோட்டாரை ஓடவிடுங்கள். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சந்தேகப்படுங்கள்.

5. கடைசியாகத்தான் சிக்னல். வண்டியைப் பத்திரமாக ஸ்டாண்டில் தூக்கி வைத்து ஷாஃப்ட்டைக் கையால் சுற்றினால் வேக சென்சாரின் சிக்னல் ஏறி இறங்க வேண்டும். சப்ளையும் எர்த்தும் சரியாக இருந்து, சிக்னல் மட்டும் அசையவில்லையா? அப்போது மாற்றுங்கள், தாராளமாக.

நாலாவதைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். "பீப் சத்தம் வருதே, ஒயர் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். மீட்டர் அனுப்புவது துளியூண்டு கரண்ட். இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று மிச்சமிருந்தாலும் பீப் வரும். மோட்டார் இழுக்கும்போதுதான் சாயம் வெளுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளம்பும் நேரத்தில் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் என்றால் அதன் எதிர்ப்பு 1.2 ஓம். வழியில் களிம்பு ஏறிய எர்த் இன்னொரு 1 ஓம். மோட்டாருக்குக் கிடைப்பது சுமார் 6.5 வோல்ட்தான். மீதி எர்த்திலேயே போய்விட்டது. சென்சாரும் அதே எர்த்தைப் பகிர்ந்துகொண்டால் அதன் சிக்னலும் குழம்பும். கம்ப்யூட்டர் சென்சாரைக் குற்றம் சொல்லும். புது சென்சார் வரும், பில் வரும், லைட் மறுபடி சிமிட்டும். "அப்ப மாட்யூல்தான் சார், அதையும் மாத்திப் பாத்துடலாம்!" உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்க வேண்டிய ஒரு எர்த் போல்ட்டுக்காக!

மேலே உள்ள கணக்கில் ஓம் விதியைத் தவிர ஒன்றுமே இல்லை. பத்தாம் வகுப்புப் பாடம். 1929ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் எஞ்சினியருக்கா பஞ்சம்? பரீட்சையில் ஓம் விதியை எழுதி மார்க் வாங்கியவர்களும் சொந்த வண்டி என்று வந்தால் "மாத்திடுங்க அண்ணே" என்று தலையாட்டுகிறார்கள்.

மெக்கானிக்குகள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. "ஒயரிங் டயகிராம் கையில இல்லாம எந்த ஒயரை அளக்கிறது?" சரியான கேள்வி. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இதற்காகத்தான். உதிரிப் பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கு எட்டாமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நிறுவனங்கள் அப்பீல் போனது தனிக்கதை. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமும் திறந்தது. டயகிராம் கேட்டு மெக்கானிக்குகள் கொடி பிடித்தால் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் பின்னால் நிற்க வேண்டும்.

ஆனால் களிம்பைப் பார்க்க டயகிராம் வேண்டாம். எர்த் போல்ட்டை அளக்கவும் வேண்டாம். சில நூறு ரூபாய் மீட்டரும் கால் மணி நேரமும் போதும்.

ஆகவே அடுத்த முறை யாராவது "மாத்திப் பாத்துடலாம்" என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சப்ளை எவ்வளவு, எர்த் எவ்வளவு, சிக்னல் எவ்வளவு? அந்த மூணு நம்பரையும் பில்லுல எழுதிக் குடுங்கண்ணே." எழுதிக் கொடுப்பவரிடம் வண்டியை நம்பி விடலாம். எழுத முடியாதவர் வாங்கும் சென்சாருக்கு அவரே காசு கொடுக்கட்டும்!