கைவிடுதலும் கையை விடுதலும்

பரோபகாரம் இன்னதென்று அறியாதார் நம் நாட்டில் இலர். கண்ணிழந்தான் ஒருவன் வாயிலில் வந்து நின்றால் ஒரு பிடி அரிசி இடாத வீடு அரிது. நடக்கமாட்டாத பிள்ளைக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுப்போரும், பிறந்தநாளன்று இல்லங்களுக்குச் சென்று ஒருவேளை உணவளிப்போரும் இக்காலத்தில் பலர். இவையெல்லாம் நல்ல செயல்களே. இவற்றைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. ஆயினும், இட்ட அரிசி அன்று மாலையே தீர்ந்துவிடும். மறுநாளும் அவன் யாரோ ஒருவருடைய வாயிலில் நிற்கவேண்டியவனே. பதினெட்டு வயது நிரம்பிய ஓர் இளைஞனுக்கு அல்லது இளம்பெண்ணுக்கு, உடலிலோ புலனிலோ அறிவு வளர்ச்சியிலோ குறை இருப்பினும், நாம் செய்யத்தக்க உபகாரங்களுள் தலையாயது யாது? தம் வாழ்வைத் தாமே நடத்திக்கொள்ளும் பயிற்சியை அளித்தலே என்பது இக்கட்டுரையின் துணிபு. அப்பயிற்சியை அளிக்கும் தொழில், நம் கல்லூரி மாணவர் விரும்பி மேற்கொள்ளத்தக்க உயர்ந்த தொழில் என்பதும் அதனோடு சேர்ந்த கருத்து.

2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்திய நாட்டில் இத்தகையோர் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் பேர். முன்னே அங்கவீனர் என்றும் ஊனமுற்றோர் என்றும் வழங்கிய இவர்களை இப்பொழுது மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். பெயர் திருந்தியது நன்றே. பெயரோடு நம் நடையும் திருந்தியதா என்பதே கேள்வி. குழந்தைப் பருவத்தில் இவர்களுக்குப் பள்ளியும் மருத்துவமும் ஓரளவு கிடைக்கின்றன. பள்ளிப் பருவம் கடந்தவுடன் பள்ளியின் கதவு மூடுகிறது. தொழிலின் கதவோ திறப்பதில்லை. இவ்விரு கதவுகளுக்கும் நடுவே, வீட்டுத் திண்ணையில், பல்லாயிரம் இளைஞர் தம் வாழ்நாளைக் கழிக்கின்றனர். பெண்மக்களாயின் திண்ணையும் இல்லை. உள்ளறையே அவர்கட்கு உலகம்.

அவர்களுடைய பெற்றோரைக் கண்டு பேசினால், அவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்?” இக்கேள்விக்கு விடையில்லாமற் போனால் என்ன நேரும் என்பதை நம் இராமநாதபுரக் கடற்கரை ஒருமுறை கண்டிருக்கிறது. தொண்டியிலிருந்து தெற்கே சென்று, இராமநாதபுரத்தையும் கீழக்கரையையும் கடந்தால் ஏர்வாடி என்னும் ஊரை அடைவோம். அங்குள்ள தர்காவில் வேண்டிக்கொண்டால் மனநோய் தீரும் என்று நம்பிப் பலவிடங்களிலிருந்தும் மக்கள் வருவது நெடுங்கால வழக்கம். அவர்களை வைத்துக் காப்பதாகச் சொல்லிக் கட்டணம் பெற்ற தனியார் விடுதிகள் அவ்வூரில் பெருகின. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் அவற்றுள் ஒன்று தீப்பற்றி எரிந்தது. உள்ளிருந்தோர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். சில நாட்களுள் அவ்விடுதிகள் யாவும் மூடப்பட்டன. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து இவ்வழக்கை எடுத்துக்கொண்டது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று 2017-ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் தெளிவாக விதித்திருக்கிறது.

இரும்புச் சங்கிலியைச் சட்டம் அறுத்துவிட்டது. சட்டத்தின் கண்ணுக்குப் புலனாகாத வேறொரு சங்கிலி உண்டு. அஃது அன்பினால் ஆயது. இருபது வயது மகனுக்குத் தாய் இன்னும் சோறு ஊட்டுகிறாள். சட்டைக்குப் பித்தான் போடுகிறாள். யாரேனும் அவனைப் பெயர் கேட்டால் அவளே விடை சொல்கிறாள். அவள் நெஞ்சில் அன்பையன்றி வேறொன்றும் இல்லை. ஆயினும், அவள் ஊட்டும் ஒவ்வொரு கவளமும், அவன் கை கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு வித்தையைத் தடுக்கின்றது. அவள் கண் மூடும் நாளில் அவன் பசியோடு மட்டுமல்ல, பயிலாத கையோடும் நிற்பான். ஆகவே, அத்தாயின் கேள்விக்கு நேரான விடை, காப்பகம் ஒன்றின் முகவரியன்று. இன்றே தொடங்கத்தக்க பயிற்சியே.

மருத்துவம் மட்டும் இதற்குப் போதாது என்பதற்கு வேலூரில் நிகழ்ந்ததொன்று சான்று. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் முறையைக் கண்டவர். கை நிமிர்ந்து சென்றவருள் சிலர் மீண்டும் அவரிடம் வந்து முறையிட்டனர். மடங்கிய கையைக் கண்டு காசு இட்டவர்கள் நிமிர்ந்த கையைக் கண்டு இடுவதில்லை; நோயின் தழும்பைக் கண்டு அஞ்சுவோர் வேலையும் கொடுப்பதில்லை; பிச்சைக்கு உதவாத கையாயிற்றே என்பது அவர்கள் குறை. கை வந்தது, பிழைப்பு போயிற்று. இதனை உணர்ந்த பின்னரே, கல்லூரி வளாகத்திலேயே சிற்றூர் போன்ற ஓர் இல்லம் அமைத்து, தச்சு வேலையும் மரப்பொம்மை செய்தலும் அவர்கட்குக் கற்பிக்கப்பட்டன. மருத்துவன் விட்ட இடத்தில் பயிற்றுநன் தொடங்கவேண்டும் என்னும் பாடத்தை நோயாளரே மருத்துவருக்குக் கற்பித்தனர்.

அதே கல்லூரியில் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வற்றவரானார். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யப் பயின்றார். பின்னர் வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரில் தோன்றிய மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் வளர்ந்தது. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்த எஸ். இராமகிருஷ்ணனும் இத்தகையவரே. பொறியியல் மாணவராயிருந்தபோது கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலற்றுப்போன அவர், தம் போன்றோர்க்குப் பள்ளியும் தொழிற்பயிற்சியும் மறுவாழ்வு நிலையமும் அமைத்தார். 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். உதவி பெறுதற்கே உரியர் என்று உலகம் ஒதுக்கக்கூடிய இவ்விருவரும் உதவி செய்யும் நிலையில் நின்றனர் என்பதை மாணவர் மனங்கொள்க.

இனி, பயிற்றுநரின் தொழில் எவ்வாறு நிகழ்கிறதென்பதைச் சிறிது விரித்துரைப்போம். அறிவு வளர்ச்சிக் குறையுடைய ஓர் இளைஞனுக்குத் தேநீர் போடக் கற்பிப்பதாக வைத்துக்கொள்வோம். நமக்கு ஒரே செயலாகத் தோன்றும் அது, உண்மையிற் பன்னிரண்டு பதினைந்து செயல்களின் கோவை: பாத்திரத்தை எடுத்தல், நீரை அளத்தல், அடுப்பைப் பற்றவைத்தல், கொதிக்கக் காத்திருத்தல், தூள் இடுதல், வடித்தல், அடுப்பை அணைத்தல் என்றிவ்வாறு. பயிற்றுநர் முதலில் இக்கோவையைத் தனித்தனி மணிகளாகப் பிரித்துக்கொள்வார். பல வேளைகளில் அவர் முதல் மணியிலிருந்து தொடங்கமாட்டார், கடைசியிலிருந்தே தொடங்குவார். எல்லாவற்றையும் தாம் செய்துவிட்டு, வடித்த தேநீரைத் தம்ளரில் ஊற்றித் தாயிடம் கொடுப்பதை மட்டும் இளைஞனிடம் விடுவார். முதல் நாளே அவன் தேநீர் கொடுத்தவனாகிறான். அம்மகிழ்ச்சி அடுத்த படிக்கு அவனை இழுத்துச் செல்கிறது. மறுவாரம் வடித்தலும், அதன்பின் தூள் இடுதலும் அவனுடையனவாகும்.

பேருந்திற் செல்லக் கற்பிப்பதும் இவ்வாறே. தொண்டியிலிருந்து திருவாடானைக்கு ஒருவன் தனியே சென்று வரவேண்டுமாயின், முதலில் பயிற்றுநர் அவன் பக்கத்திலேயே அமர்வார். பின்பு இரண்டு இருக்கை தள்ளி அமர்வார். அதன்பின் இறங்குமிடத்திற் காத்து நிற்பார். இறுதியில் தொலைபேசியை அருகில் வைத்துக்கொண்டு வீட்டிலே இருப்பார். ஒவ்வொரு படியிலும் அவர் ஓர் அடி பின்வாங்குகிறார். இப்பின்வாங்குதலே அவருடைய வித்தை. ஊர்ப்பெயரை வாசிக்க அறியாதவனுக்கு வண்டியின் நிறத்தையும், வழியில் வரும் பெரிய கட்டடத்தையும் அடையாளமாகக் காட்டுவார். நடத்துநரிடம் என்ன சொல்லவேண்டும் என்பதை வீட்டிலேயே பலமுறை நடித்துக் காட்டுவார். பணத்தை எண்ண முடியாதவனும், எந்தப் பொருளுக்கு எந்த நோட்டு என்று நிறத்தால் அறியப் பழகலாம்.

தொழிற்பயிற்சியில் ஒரு குறையைக் கூறாதிருத்தல் இயலாது. எவ்வூராயினும், எத்தகைய குறையுடையாராயினும், மெழுகுவர்த்தி வார்த்தலும் காகித உறை ஒட்டுதலுமே இவர்கட்குரிய தொழில்கள் என்று பல இடங்களில் வைத்துவிட்டனர். அப்பண்டங்களை வாங்குவோர் பெரும்பாலும் இரக்கத்தினால் வாங்குகின்றனர். இரக்கம் குறைந்தால் விற்பனையும் குறையும். ஊரில் நடக்கும் தொழிலையே கற்பித்தல் மேல். எம் தொண்டிக் கரையில் வலை பழுது பார்த்தல் உண்டு. நண்டு வலையிலிருந்து நண்டுகளைச் சிக்கு நீக்கி எடுத்தல் உண்டு. மீன் தரம் பிரித்தலும் உலர்த்தலும் உண்டு. மண்டபம் முதலிய பக்கங்களில் கடற்பாசி வளர்ப்போர் பாசித் துண்டுகளைக் கயிற்றிற் கட்டும் வேலையைக் கரையிலே அமர்ந்தே செய்கின்றனர். கால் வலுவற்றவனும் செய்யத்தக்கது அது. ஒரே வேலையை அலுப்பின்றித் திரும்பத் திரும்பச் செய்ய வல்லவனுக்கும் ஏற்றது. இவ்வூர்த் தொழில் அவனுக்குத் தெரிந்தால், சந்தை அவனைத் தேடி வரும். ஆனால், மீனவன் மகன் ஆதலின் வலைதான் என்று கட்டாயப்படுத்தலும் ஆகாது. அவனுக்குக் கணிப்பொறியில் விருப்பமாயின் அதனையே கற்பிக்க.

“தனியே விட்டால் விழுவானே, ஏமாற்றப்படுவானே” என்று கூறுவோர் உளர். அவ்வச்சம் பொய்யன்று. அடுப்பும் சாலையும் கடலும் ஆபத்துடையனவே. பயிற்றுநர் அவ்வாபத்தை அளந்தே அடி வைக்கவேண்டும். ஆயினும், உப்புநீர் குடியாமல் நீந்தக் கற்றவன் எம் கரையில் எவன் உளன்? மற்றப் பிள்ளைகளுக்கு நாம் அனுமதிக்கும் சிறு காயத்தையும் சிறு நட்டத்தையும் இவர்கட்கு மட்டும் மறுப்பது, அவர்கள் வளர்ச்சியையே மறுப்பதாகும்.

“சிலர் எக்காலத்தும் பிறர் துணையின்றி வாழ இயலாதே, அவர்கட்கு இப்பயிற்சி எதற்கு?” என்பது மற்றொரு தடை. இதற்கு விடை அமெரிக்காவில் வாழ்ந்த எட் ராபர்ட்ஸ் என்பாருடைய சரிதையில் உள்ளது. இளம்பிள்ளைவாதத்தால் கழுத்துக்குக் கீழே அசைவிழந்து, மூச்சுவிடவும் இயந்திரத்தின் துணை வேண்டியிருந்த அவர், 1962-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். மாணவர் விடுதி அவ்வியந்திரத்தை ஏற்க இயலாமையால், கல்லூரி மருத்துவமனையின் ஓர் அறையே அவருக்கு விடுதியாயிற்று. 1972-இல் அந்நகரில் தோன்றிய சுதந்திர வாழ்வு மையத்தை வளர்த்தவர்களுள் அவர் தலைவர். தம் ஆடையைத் தாமே அணிய அவரால் இயலாது. எந்த ஆடையை, எப்பொழுது, யார் உதவியால் அணிவது என்பதைத் தீர்மானித்தவர் அவரே. தன் காரியத்தைத் தானே செய்தல் சுயாதீனத்தின் ஒரு பகுதி. தன் காரியத்தைத் தானே தீர்மானித்தல் அதன் உயிர். பேச இயலாதவனும் இரண்டு சட்டைகளைக் காட்டினால் ஒன்றைக் கண்ணாற் சுட்டுவான். அக்கண்சாடைக்குக் காத்திருக்கும் பொறுமையே பயிற்றுநரின் முதற் கல்வி.

அரசாங்கம் தன் பங்கிற்குச் சட்டம் செய்துள்ளது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளை ஏற்றுக்கொண்டு, அரசுப் பணிகளில் நூற்றுக்கு 4 இடமும், அரசின் உதவி பெறும் உயர்கல்வி நிலையங்களில் நூற்றுக்கு 5 இடமும் ஒதுக்கியிருக்கிறது. சட்டம் இடம் ஒதுக்கலாம். அவ்விடத்திற்கு ஏறிவரும் படியைச் சாய்தளமாக்குவதும், ஏறிவந்தவனைத் தோழனாகக் கொள்வதும் கல்லூரியின் கடன். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கும் செவிப்புலனற்றோர்க்கும் பள்ளிகள் எழுந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மிஷன் ஊழியர்களின் முயற்சியால். அவ்வழியில் வந்த நிலையங்கள் அக்கடனைப் பிறர் நினைவூட்டும்வரை காத்திருத்தல் அழகன்று.

மாணவ நண்பர்களே, பட்டம் பெற்றபின் எத்தொழில் புகுவதென்று நீங்கள் எண்ணும்பொழுது இத்தொழிலையும் எண்ணுக. இதற்கென இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்புகள் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிலையமே இருக்கிறது. ஊதியம் பெரிதன்று, முன்னேற்றம் மெல்ல வரும், ஒரு பித்தானுக்கு ஒரு மாதமும் ஆகலாம். பழைய மாணவர்களே, உங்களுட் கடை வைத்திருப்போரும் தொழிற்சாலை நடத்துவோரும் பலர். பயின்று வந்த ஒருவருக்கு இரக்கத்தினாலன்றித் தகுதியினால் ஒரு வேலையும் முழுக் கூலியும் கொடுங்கள்.

பிற தொழில்களில் நம்மை நாடி வருவோர் பெருகுதல் வெற்றி. இத்தொழிலில் ஒருவன் நம்மை நாடாமலே வாழத் தொடங்குதல் வெற்றி. கைவிடுதல் வேறு, கற்பித்தபின் கையை விடுதல் வேறு. முன்னது கொடுமை, பின்னதைச் செய்ய மனமில்லாத அன்பும் முழுமையான அன்பன்று. நம் வீட்டிலும் நம் தெருவிலும் அத்தகைய ஓர் இளைஞன் இருப்பானாயின், நாளை காலை அவனுக்காக நாம் செய்துவரும் ஒரு சிறு வேலையை அவனிடமே விட்டு, அருகில் நின்று காத்திருப்போமாக.